பத்தரைக்குள் ஒரு வண்டி

நேற்றுவரை சிவப்புதான் என்றிருந்தேன், இன்று காலை பல் தேய்க்கும்போது அது வெள்ளையாகிவிட்டது, இப்போது கோவில்பட்டி பைபாஸில் தனசிங்கின் பழைய கார் விற்கும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறேன், மனசு மறுபடியும் சிவப்புப் பக்கம் சாய்கிறது. மணி ஒன்பது நாற்பது. வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும், அதற்குள் அட்வான்ஸைக் கொடுத்துவிட வேண்டும் என்று செண்பகவல்லி காபி ஆற்றும்போது சொன்னாள், வாசலில் சொன்னாள், நான் தெருமுனையைத் தாண்டுவதற்குள் போனிலும் சொன்னாள். முப்பத்தைந்து வருஷமாக என் பெண்டாட்டி எனக்கு எதையும் ஒரு தடவையோடு விட்டதில்லை. ஐம்பது நிமிஷம் இருக்கிறது. ஐம்பது நிமிஷத்தில் ஒரு மனுஷன் ஒரு காரைத் தேர்ந்தெடுக்க முடியாதா. சிவப்பு டீசல், லிட்டருக்கு இருபத்திரண்டு கொடுக்கும் என்கிறான் தனசிங். வெள்ளை பெட்ரோல், பதினேழு, நெடுஞ்சாலையில் பதினெட்டு. மாதத்துக்கு நான்கு தடவை வெளியே எடுக்கிற ஆளுக்கு டீசல் எதற்கு என்று பக்கத்து வீட்டு அந்தோணி கேட்டார், நியாயம்தான், ஆனால் இருபத்திரண்டு இருபத்திரண்டுதானே. சிவப்பின் நம்பர் இரண்டு ஏழு மூன்று ஐந்து, கூட்டினால் பதினேழு, பதினேழைக் கூட்டினால் எட்டு. எட்டு வந்தால் செண்பகவல்லி ஏறமாட்டாள் என்றில்லை, ஏறுவாள், ஏறி உட்கார்ந்து தென்காசி போய்ச் சேரும்வரை அதையே கூட்டிக்கொண்டிருப்பாள். வெள்ளைக்குக் கூட்டுத்தொகை இரண்டு. இரண்டு நல்லதா என்று கேட்க மறந்துபோனேன். கேட்கத்தான் மறந்தேனோ, கேட்டுவிட்டு அவள் சொன்ன பதிலைத்தான் மறந்தேனோ, அதுவும் தெரியவில்லை.

"ரெண்டுமே ஒத்த ஓனருதான் அண்ணாச்சி. டாக்டர் வச்சிருந்த வண்டி" என்கிறான் தனசிங். இவன் மட்டுமல்ல, போன வாரம் சாத்தூரில் பார்த்தவனும் டாக்டர் வண்டி என்றான், அதற்கு முந்தின வாரம் கயத்தாறிலும் டாக்டர்தான். இந்த ஜில்லாவில் டாக்டர்கள் வைத்தியம் பார்க்கிறார்களா, கார் வாங்கி விற்கிறார்களா. எனக்கு இந்த மாதிரிப் பேச்சு புதிதல்ல. முப்பத்தொரு வருஷம் எடையளவு ஆய்வாளராக இருந்தவன் நான். தராசுத் தட்டுக்கு அடியில் புளியை ஒட்டி வைத்தவனைப் பார்த்திருக்கிறேன், படிக்கல்லின் வயிற்றிலிருந்து ஈயத்தைச் சுரண்டியவனைப் பார்த்திருக்கிறேன், என்னைக் கண்டதும் கடையைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்டவனைக்கூட வெளியே வர வைத்திருக்கிறேன். கோமதிநாயகம் சார் வருகிறார் என்றால் மார்க்கெட்டில் கல்லெல்லாம் தானாக எடை கூடிவிடும் என்று சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட கண் எனக்கு. மீட்டரைத் திருப்பி வைத்திருக்கிறானா என்று பார்க்க பெடலில் ஒட்டியிருக்கும் ரப்பரைப் பார்க்க வேண்டும், நாற்பதாயிரம் ஓடிய வண்டியில் ரப்பர் இப்படித் தேயாது, அல்லது தேயுமா. எங்கள் சாம்பல் நிற வண்டியில் ரப்பர் எப்படித் தேய்ந்திருக்கிறது? பதினேழு வருஷம் அதை மிதித்தவன், ஞாபகம் வரவில்லை. கிளட்ச் பெடலில் மட்டும் நடுவில் குழி விழுந்திருந்ததாகப் பீர் முகம்மது ஒருநாள் சொன்னான். இருபது வருஷமாக, இதற்கு முந்தின வண்டியிலிருந்தே, எங்கள் வண்டியைப் பார்க்கிற மெக்கானிக், இன்றைக்கும் தன் பட்டறையைப் பூட்டிவிட்டு என்னை அவனுடைய பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிவந்திருக்கிறான். சிவப்பின் பானெட்டைத் திறந்து குனிந்து கிடக்கிறான் அங்கே. என்ன பீர் என்றால், "வண்டி நல்லாருக்கு சார்" என்கிறான். வெள்ளை? "அதுவும் நல்லாருக்கு சார்." நல்ல துணையைக் கூட்டிவந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தென்காசியில் சுபாவுக்கு வளைகாப்பு. சுபாஷிணி, எங்களுக்கு இருக்கிற ஒரே பிள்ளை, ஒன்பதாம் மாசம். மாப்பிள்ளை மஸ்கட்டில் இருக்கிறார், வளைகாப்பு முடிந்த கையோடு பிள்ளையை நாங்கள் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். சங்கரன்கோவில், கழுகுமலை வழியாக எண்பது கிலோமீட்டர், வழியில் எத்தனை வேகத்தடை என்று எண்ணி வைத்திருக்கிறேன், நாற்பத்தொன்று, அதில் பதின்மூன்றுக்கு வெள்ளைக் கோடு கிடையாது. வாடகைக் கார் பிடித்துவிடுவோம் என்றுதான் முதலில் நினைத்தேன். போனில் சுபாதான், "வேண்டாம்ப்பா, வாடகை வண்டியில ஏறுனாலே எனக்குக் கொமட்டுது. நீங்க ஓட்டுனா நான் பாட்டுக்குத் தூங்கிருவேன்" என்றாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சந்தோஷம் ஒருபக்கம், பயம் ஒருபக்கம். எதற்குப் பயம்? வண்டிக்குத்தான். எங்கள் சாம்பல் வண்டியை நம்பி வயிற்றுப்பிள்ளைக்காரியை ஏற்ற முடியாது. ஒரு வருஷத்தில் இரண்டு தடவை கிளட்ச் பிளேட் மாற்றியாயிற்று. வீட்டு வாசலில் திருப்பும்போது காம்பவுண்டுச் சுவரில் உரசி இடதுபக்கக் கதவு நசுங்கிற்று. போன மாசம் இளையரசனேந்தல் விலக்கில், ரோடு பிரிகிற இடத்தில், முன்னால் லாரி நின்றுவிட்டது, பிரேக்கை மிதித்தேன், நிச்சயமாக மிதித்தேன், வண்டி நிற்காமல் போய் லாரியின் பின்புறத்துக்கு ஒரு சாண் இடைவெளியில் நின்றது. செண்பகவல்லி கதவுக்கு மேலே இருக்கும் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வீடு வரும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, அவள் பேசாமல் வந்த ஒரே பிரயாணம் அதுதான். பீர் முகம்மது பிரேக் பேட் மாற்றினான், கையைத் துணியில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் பானெட்டைப் பார்த்து, "வண்டிக்கு வயசாச்சு சார்" என்றான். செண்பகவல்லியும் அதையே சொன்னாள், "வண்டிக்கு வயசாயிட்டுங்க, வேற பாத்துருவோம்." அந்தோணியும் சொன்னார். மஸ்கட்டிலிருந்து மாப்பிள்ளையும் சொன்னார். ஒரே மாதிரி, ஒரே வார்த்தை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் என் வண்டியின் வயசு தெரிந்துவிட்டது.

மணி ஒன்பது ஐம்பத்தைந்து. சிவப்பை ஓட்டிப் பார்க்கிறேன், தனசிங் பக்கத்தில், பீர் பின்னால். பெடல் பஞ்சு மாதிரி இருக்கிறது. இப்போது வருகிற வண்டிகளில் எல்லாமே பஞ்சுதான், எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று பிடிபடுவதில்லை, மிதித்தால் மிதித்த மாதிரி இருக்க வேண்டாமா. மூன்றாவது கியர், நான்காவது, ஒரு மேடு, மறுபடி மூன்றாவது. ஏசியை மீறி ஒரு வாடை வருகிறது. கருகல் வாடை, தோசைக்கல்லில் மாவை ஊற்றிவிட்டு மறந்துபோன மாதிரி. எனக்கு நன்றாகத் தெரிந்த வாடை. ஆகா, மாட்டிக்கொண்டான் தனசிங். "கிளட்ச் போயிட்டுல்லா தம்பி, டாக்டர் வண்டின்னீங்க" என்றேன். தனசிங் என் காலைப் பார்த்தான், பிறகு பின்னால் திரும்பிப் பீர் முகம்மதுவைப் பார்த்தான். பீர் வெளியே தீப்பெட்டிக் கம்பெனி போர்டைப் படித்துக்கொண்டு வந்தான். என் காலில் என்ன இருக்கிறது? செருப்பு இருக்கிறது. பின்னால் வார் வைத்த செருப்பு, புதுசு. பழையது கழன்று கழன்று விழுந்தது, ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் பழம் விற்கிற அம்மா, "அண்ணாச்சி, ஒங்க செருப்பு ஒண்ணு அங்கனயே கெடக்கு" என்று கூப்பிட்டபிறகுதான் திரும்பிப் பார்த்தேன், ஒற்றைச் செருப்போடு முப்பது அடி நடந்து வந்திருக்கிறேன், வெயிலில், தார் ரோட்டில். சுடவில்லை. செருப்பு நைந்துபோயிற்று என்று சொல்லி வார் வைத்தது வாங்கிக்கொண்டேன். அதை ஏன் இப்போது நினைக்கிறேன். மைலேஜைப் பற்றியல்லவா யோசிக்க வேண்டும். சிவப்பு வேண்டாம், எட்டு வேறு, கிளட்ச்சும் போய்விட்டது, வெள்ளைதான். காலையில் பல் தேய்க்கும்போதே சரியாக முடிவெடுத்திருக்கிறேன்.

வெள்ளை சாந்தமான வண்டி. இருக்கை அகலம், பின்னால் சுபா காலை நீட்டிப் படுக்கலாம், தலைமாட்டில் செண்பகவல்லி உட்காரலாம். பிள்ளை பிறந்தபிறகும் இதிலேயே ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்துவிடலாம், இன்னும் பத்து வருஷம் ஓடும், பத்து வருஷத்தில் எனக்கு எழுபத்தொன்று, அப்போதும் ஓட்டுவேன், ஏன் ஓட்டக்கூடாது, என் சர்வீஸில் ஜில்லா முழுக்க ஜீப்பை நானே ஓட்டிக்கொண்டுபோய்ச் சோதனை போட்டவன். பத்து மணி எட்டு நிமிஷம். இரண்டாவது கியரில் ஒரு வேகத்தடை ஏறி இறங்கினேன். ஏறி இறங்கி நூறு அடி போகவில்லை, அதே வாடை. முதலில் பின்னால் வருகிற லாரியிலிருந்து என்று நினைத்தேன். பின்னால் லாரி இல்லை. இரண்டு வண்டிக்கும் ஒரே வியாதியா, எங்கள் சாம்பல் வண்டிக்கு இருக்கிற அதே வியாதி எப்படி இந்த இரண்டுக்கும் வரும், இவன் ஏதோ தில்லுமுல்லு செய்து மட்டமான பிளேட்டைப் போட்டு எல்லா வண்டியையும் இப்படி, அதற்குமேல் யோசனை ஓடவில்லை, சுற்றிச் சுற்றி அந்த வாடையிலேயே வந்து நின்றது. "அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீங்க. கெளட்ச்ல இருந்து நீங்க கால எடுக்கவே இல்லியே" என்றான் தனசிங். எடுத்திருக்கிறேனே என்றேன். "இல்ல அண்ணாச்சி, இந்தா, இப்பவும் மேலதான் இருக்கு." குனிந்து பார்த்தேன். என் இடது கால் பெடலின்மேல் இருந்தது, வேறு யாரோ ஒருவர் தம் காலை அங்கே வைத்துவிட்டுப் போனதுபோல. நான் அதைத் தரையில் வைத்திருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். தனசிங் நல்ல பையன், போன் பேசுகிற மாதிரி இறங்கிப்போய்த் தூரத்தில் நின்றுகொண்டான். கண்ணாடியில் பீர் முகம்மதுவின் நெற்றி மட்டும் தெரிந்தது. "பீர், எங்க வண்டிக்கு என்னடா கோளாறு?" "வண்டிக்கு ஒண்ணும் இல்ல சார்." "எத்தன நாளாத் தெரியும்?" "ரெண்டாவது பிளேட்டு மாத்துனப்பவே தெரியும் சார். நல்ல பிளேட்டு, ஆறு மாசத்துல அப்பிடி எரியாது." "அப்ப பிரேக் பேடு?" கண்ணாடியில் அந்த நெற்றியும் கீழே இறங்கிவிட்டது. "ஏம்ல சொல்லல?" "ஒங்ககிட்டப் போயி எப்பிடி சார். நீங்க அந்தக் காலத்துல எப்பிடி ஓட்டுவீங்கன்னு எனக்குத் தெரியும்லா. அம்மாவும் பட்டறைக்கு வந்தாங்க. வண்டியப் பத்தியே சொல்லு, வேற ஒண்ணும் பேசிராதன்னாங்க. புது வண்டின்னா லேசா இருக்கும், சரியாப் போயிரும்னு நெனச்சோம் சார்." நெனச்சோம். எத்தனை பேர் அந்த 'சோம்'முக்குள்? செண்பகவல்லி, இவன், அந்தோணி, மஸ்கட்டில் இருக்கிற மாப்பிள்ளை. எனக்கு வலிக்கக்கூடாது என்று எல்லோருமாகச் சேர்ந்து பழியை வண்டிமேல் போட்டிருக்கிறார்கள், நான் அதை அப்படியே நம்பி நோட்டு எடுத்து மைலேஜ் எழுதி ஊர் ஊராகப் போய் டாக்டர் வண்டி பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஊரிலுள்ள தராசுத் தட்டுகளையெல்லாம் கவிழ்த்துப் பார்த்தவன் நான். கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் நிற்க இடமில்லாமல் போய்விட்டது. வெட்கமாக இருந்தது, அது மட்டும் போகவில்லை. சர்க்கரை பன்னிரண்டு வருஷமாக இருக்கிறது, காலைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னபோது புண் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். புண் இல்லையே. வலியும் இல்லை. வலியில்லாததை எவன் வியாதி என்று நினைப்பான்.

தனசிங் திரும்பி வந்து கதவருகே குனிந்தான். "அண்ணாச்சி, ஒரு நீல வண்டி இருக்கு. ஆட்டோமேட்டிக். கெளட்ச்சே கெடையாது. இடது காலுக்கு வேலையே இல்ல, மடக்கி வச்சுக்கிட்டு உக்காரலாம்." அடடா, இப்படி ஒரு வழி இருக்கிறதா. இத்தனை நாள் சிவப்பா வெள்ளையா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன், மூலையில் நின்றிருக்கிறது நீலம். பெட்ரோல், லிட்டருக்குப் பத்தொன்பது, ஓடியது முப்பத்திரண்டாயிரம், நம்பர் கூட்டினால் ஆறு. தனசிங்கே வெள்ளையைத் திருப்பி ஓட்டிவந்தான், பீர் முகம்மது நீலத்தின் பானெட்டைத் திறந்து பார்த்து இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்தே, "நல்ல வண்டி சார்" என்றான். வண்டிகள் நிற்கிற வேலிக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டினேன். கருகல் வாடை இல்லை, உறுமல் இல்லை, வெண்ணெய் மாதிரி போயிற்று. இடது காலை மடக்கி வைத்துக்கொண்டேன், உனக்கு ஓய்வு, நீ சும்மா இரு என்று சொல்லிக்கொண்டேன். சுபா பின்னால் தூங்குவாள். சங்கரன்கோவிலில் நிறுத்தி இளநீர் வாங்கிக் கொடுக்கலாம். நாற்பத்தொரு வேகத்தடையும் அவளுக்குத் தெரியாமல் கடந்துவிடும். சிரிப்பு வந்தது எனக்கு. பத்து இருபது. சட்டைப்பைக்குள் கையை விட்டு அட்வான்ஸ் கவரைத் தொட்டுக்கொண்டே வேலியோரம் வந்தேன், வேலிக்கு முன்னால் நிறுத்தினேன், வண்டி நின்றது, ஆனால் நான் நினைத்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி நின்றது, ஒரு முழம் தள்ளி. முள்கம்பி பம்பரைத் தொட்டுக்கொண்டிருந்தது. புது வண்டி, பழக வேண்டும். பழகிவிடும். லாரி நின்றபோதும் பிரேக்கைத்தான் மிதித்தேன், நிச்சயமாக மிதித்தேன், பிரேக்கை இடது காலாலா மிதித்தேன்? பிரேக் வலது காலுக்கல்லவா.

இன்ஜினை நிறுத்தினேன். யோசிக்கக்கூடாது, யோசித்தால் ஏதாவது சமாதானம் கிடைத்துவிடும், இத்தனை மாசமாக எனக்குச் சமாதானத்துக்குப் பஞ்சமே இருந்ததில்லை. கதவைத் திறந்து உட்கார்ந்தபடியே வலது காலை வெளியே நீட்டி, செருப்பின் வாரை அவிழ்த்தேன். "பீர், இங்க வா. பெருவெரல்ல நகத்த வச்சு அமுக்கு. எப்ப அமுக்குறன்னு சொல்லாத. நான் பாக்க மாட்டேன்." "எதுக்கு சார் அதெல்லாம்." "அமுக்குடா." அவன் மண்ணில் மண்டியிட்டான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பைபாஸில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று, அதன் காற்று முகத்தில் பட்டது, முகத்தில் படுவதெல்லாம் தெரிகிறது, ஸ்டியரிங்கின் சூடு உள்ளங்கையில் தெரிகிறது, டீசல் புகை தெரிகிறது, என் நெஞ்சு அடித்துக்கொள்வது காதுவரை தெரிகிறது. கால் பக்கம் ஒன்றுமில்லை. அவன் தயங்குகிறான், என் காலைத் தொடக் கூச்சப்படுகிறான், இருபது வருஷ மரியாதை. பொறுத்துப் பார்த்தேன். பத்து எண்ணினேன், இருபது எண்ணினேன். சுபா சின்னப் பிள்ளையில் கண்ணாமூச்சி ஆடும்போது இருபதுவரை எண்ணச் சொல்வாள், பன்னிரண்டிலேயே பொறுமை இழந்து அவளே ஓடி வந்துவிடுவாள். "இன்னும் அமுக்கலயாடா?" என்று கேட்டேன். "அமுக்கிட்டுத்தான் சார் இருக்கேன்" என்றான்.

கண்ணைத் திறந்தேன். அவன் கட்டைவிரல் நகம் என் விரலில் பதிந்து, சுற்றிலும் வெளுத்திருந்தது. கையை எடுத்தபிறகும் பிறை மாதிரி ஒரு பள்ளம் அப்படியே இருந்தது, அவன் அதை உள்ளங்கையால் தேய்த்துவிட்டான், அதையும் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். போன் அடித்தது. செண்பகவல்லி. "குடுத்தாச்சாங்க?" என்றாள். "குடுக்கப் போறேன். நீல வண்டி. நல்ல வண்டி." சொல்லிவிட்டு, நிறுத்தினால் மறுபடி வாய் வராது என்று ஒரே மூச்சில், "ஞாயித்துக்கெழம பீர் ஓட்டுவான். நான் அவன் பக்கத்துல உக்காந்துக்கிடுதேன்" என்றேன். கண் கூசுகிறது, இடுப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அவள் கேட்டால் சொல்ல இரண்டு காரணம் தயாராக வைத்திருந்தேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. எதையும் மூன்று தடவை கேட்கிறவள், ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. "சரிங்க. சுபாகிட்ட நான் பக்குவமாச் சொல்லிக்கிடுதேன், வண்டி புதுசு, அப்பாவுக்கு இன்னும் கைக்கு வரலன்னு" என்றாள். "வேண்டாம். கோளாறு வண்டியில இல்லன்னு அவகிட்ட நானே சொல்லுதேன்" என்றேன்.